செல்போன் காட்டினால்தான் சாப்பிடுகிறான்: குடியாத்தம் வாசகியின் கேள்வியும் குழந்தை மருத்துவரின் பதிலும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது ஒரு மாதம் ஆகிறது. பிறந்தபோது 2.8 கிலோ, முதல் பிறந்தநாளின்போது 9 கிலோ, இப்போது 11 கிலோ இருக்கிறான். செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். இல்லாவிட்டால் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான் பேசுகிறான். நான் வேலூருக்கும் என் கணவர் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போவதால், காலை எட்டு மணி முதல் இரவு ஏழு மணி வரை அவன் என் அத்தையிடம் இருக்கிறான். சோறு இறங்காத நாளில் அத்தை பாலைக் காய்ச்சிப் புட்டியில் கொடுத்துவிடுகிறார். நாளுக்கு ஐந்து புட்டி ஆகிவிடுகிறது. அத்தை தெலுங்கில் பேசுவார், நாங்கள் தமிழில் பேசுகிறோம். இரண்டு மொழி கேட்பதால்தான் பேச்சு வரவில்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார் என்கிறார் அத்தை. செல்போனை எப்படி நிறுத்துவது?

பதில்: செல்போனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதம் எடைக் கணக்கில்தான் தொடங்குகிறது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளை சாப்பிடவில்லையே, இளைத்துப்போவானே என்ற பயம் முதலில் வந்தது. அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் செல்போன் வந்தது. பயம் அப்படியே இருக்கும்போது செல்போனை மட்டும் பிடுங்கினால், மூன்றாம் நாள் அது திரும்பி வந்துவிடும். ஆகவே முதலில் சோற்றைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் மகன் முதல் ஆண்டில் 6 கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறான். இரண்டாம் ஆண்டில் 2 கிலோதான் கூடியிருக்கிறான். இதை "தேறவில்லை" என்று வீட்டில் சொல்கிறார்கள் அல்லவா? இரண்டாம் ஆண்டில் பெரும்பாலான குழந்தைகள் கூடுவதே 2 முதல் 2.5 கிலோதான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில், இந்த வயது ஆண் குழந்தைக்கு 11 கிலோ என்பது இயல்பான எல்லைக்குள் நன்றாகவே அடங்கும் எடை. வளரும் வேகம் குறைகிறது, அதனால் பசியும் குறைகிறது. ஒரு வயது முடிந்து தடுப்பூசிக்கு வரும் தாய்மாரிடம் இந்த ஒரு செய்தியை நாங்கள் தவறாமல் சொல்லியிருந்தால், கிண்ணத்தோடு பிள்ளையின் பின்னால் ஓடும் ஓட்டம் எத்தனையோ வீடுகளில் தொடங்கியே இருக்காது.

அடுத்தது பால். புட்டிக்கு 200 மில்லி என்று வைத்துக்கொண்டால், ஐந்து புட்டிக்கு ஒரு லிட்டர் ஆகிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 650 கலோரி இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதும் தேவைப்படுவதே 1,000 கலோரி அளவுதான். ஆக, மூன்றில் இரண்டு பங்கு பசி புட்டியிலேயே தீர்ந்துவிடுகிறது. அதன்பிறகு பருப்புச் சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் பசி மேலும் மந்தமாகும், பசி மந்தமானால் வீட்டில் இன்னொரு புட்டி வரும். எனவே ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதற்கான இரும்புச்சத்து மருந்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குறை இல்லாவிட்டாலும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இருமுறை இரும்புச்சத்து சிரப் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பாலை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. பத்து நாட்களுக்குள் நாளுக்கு இரண்டு டம்ளர், அதாவது 400 மில்லி என்ற அளவுக்கு இறக்குங்கள்; அதையும் டம்ளரிலேயே, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். முதலில் இரவுப் புட்டி போகட்டும், ஏனென்றால் தூக்கத்தில் வாயில் தங்கும் பால் முன்பற்களை அரித்துவிடும்.

என் அறையில் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். அம்மா கொண்டுவந்த கிண்ணத்தையும் செல்போனையும் எடுத்து, வீட்டில் ஊட்டுவதுபோலவே ஊட்டச் சொல்வேன். குழந்தையின் கண் திரையிலேயே இருக்கும்; கரண்டி உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறக்கும். மெல்லாமல், கன்னத்தில் ஒதுக்கிய சோறு அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வரும் இடைவெளியில் மட்டும் அவன் திடுக்கிட்டுக் கிண்ணத்தைப் பார்ப்பான், இது எங்கிருந்து வந்தது என்பதுபோல. பசித்தது, நிறைந்தது என்ற இரண்டையும் உடம்பு சொல்ல, அதைக் கேட்பதற்கு அவனுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. வயிறு சொல்வதைக் கேட்கும் பழக்கத்தைத்தான் இந்த வயதில் பழக்க வேண்டும்.

நீங்களோ உங்கள் கணவரோ மூன்று நாட்கள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறுதீனி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி. நடுவில் தண்ணீரைத் தவிர பிஸ்கட் உட்பட வேறு எதுவும் வேண்டாம். பெரியவர்கள் சாப்பிடும்போது அவனுக்கும் ஒரு சிறிய தட்டு வையுங்கள். உங்கள் வீட்டுக் கேழ்வரகுக் களியை நெல்லிக்காய் அளவு உருட்டி, குழம்பில் தோய்த்து அவன் கையிலேயே கொடுக்கலாம். இட்லியைப் பிய்த்து வைக்கலாம். நம் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நல்ல சத்து, ஆனால் முழுப் பருப்பாகக் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கிவிடும், பொடித்தோ சட்னியாக அரைத்தோதான் கொடுக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும், அவன் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாலும் சரி, திட்டாமல் கெஞ்சாமல் தட்டை எடுத்துவிடுங்கள். செல்போன் அந்த நேரத்தில் உங்கள் கையிலும் இருக்கக்கூடாது.

முதல் மூன்று நான்கு நாட்கள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். இரண்டாம் நாள் அழுகை முதல் நாளைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். அவன் எடைக்கு அந்த நான்கு நாட்களால் கேடு எதுவும் வராது. சிறுநீர் வழக்கம்போல் போகிறதா, விளையாடுகிறானா என்று மட்டும் பாருங்கள். நான்காம் நாள் மனம் இளகி ஒரே ஒரு பாட்டு என்று கொடுத்தால், நான்கு நாள் அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவராவீர்கள்.

இனி பேச்சு. உங்கள் கடிதத்தில் நான் மிகவும் அக்கறையோடு படித்தது இந்தப் பகுதியைத்தான். இரண்டு வயதில் ஐம்பது சொற்களாவது இருக்க வேண்டும். "அம்மா வா", "பால் தா" என்று இரண்டிரண்டாகச் சேர்க்கவும் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. வடாற்காட்டில் தமிழோடு தெலுங்கையோ உருதுவையோ கேட்டு வளர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இரண்டையும் நன்றாகவே பேசுகிறார்கள். அவன் "நீள்ளு" என்று சொன்னாலும் "தண்ணி" என்று சொன்னாலும் அவை இரண்டு சொற்கள். கூட்டிக் கணக்கிட வேண்டும்.

திரையில் பாட்டுக் கேட்கிறானே, அதிலிருந்து சொற்கள் வராதா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம் சீனர்கள் நேரில் உட்கார்ந்து சீன மொழியில் பேசி விளையாடினார்கள்; இன்னொரு பிரிவினருக்கு அதே பேச்சு திரையில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். திரையில் பார்த்தவர்கள் கற்கவில்லை. குழந்தை ஒரு சத்தம் எழுப்ப, அதைக் கேட்டு ஒருவர் திரும்பிப் பேச, அவன் மறுபடியும் சத்தம் எழுப்ப வேண்டும். பேச்சு வருவது அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், அதற்குமேல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

ஆனால் எல்லாப் பழியையும் செல்போன்மேல் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை. அவன் அப்பாவும் அப்படி இருந்திருக்கலாம். எந்தக் குழந்தை பிடித்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே இந்த மாதமே காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துத் திரும்புகிறான் என்பது போதாது. சில ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும் கைதட்டலுக்குத் திரும்பும். ஓஏஇ, பெரா என்னும் செவித்திறன் சோதனைகள் வலி இல்லாதவை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல் இருப்பது, கண்ணைப் பார்க்காமல் இருப்பது, முன்பு சொன்ன சொற்களை விட்டுவிடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தைகளின் உடல்நலக் குறைகளைக் கண்டறிய 2013 முதல் நடக்கும் ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தில் இத்தகைய குழந்தைகளைப் பார்ப்பதற்கென்றே மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே செலவு இல்லை. இரண்டு வயது முடிந்துவிட்டதால் அங்கன்வாடியிலும் சேர்க்கலாம். மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தால், வீட்டில் தொடாத முட்டையைக்கூடச் சில குழந்தைகள் எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

உங்கள் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. பதினொரு மணி நேரம் ஒரு குழந்தையைத் தனியாகப் பார்ப்பது, அதுவும் பிள்ளையை வெளியே விட முடியாத சித்திரை வெயிலில், எளிய வேலை அல்ல. ஒல்லியான பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தை அவர் தலைமுறை கண்ணால் கண்டு கற்றது. "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்ற தொனி துளியும் வேண்டாம். அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது அந்தப் புள்ளியைக் கண்டால் ஏறும். மதியம் செல்போன் இருந்த இடத்தில் ஓர் அகன்ற பாத்திரத்தில் நான்கு விரல் தண்ணீரும் இரண்டு டம்ளரும் வைத்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும். ஊற்றும்போதும் கொட்டும்போதும் அவர் தெலுங்கிலேயே பேசட்டும், பாடட்டும். கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் அப்போதே கொட்டிவிட வேண்டும். நின்ற தண்ணீர் குழந்தைக்கு ஆபத்து.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வாரம், அவன் சொல்லும் சொற்களை அத்தை சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு நோட்டில் எழுதுங்கள். "மா" என்றால் மாடா, மாம்பழமா என்பது பகலெல்லாம் உடன் இருக்கும் அவருக்குத்தான் தெரியும். தெளிவாக இல்லாவிட்டாலும், ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை எப்போதும் சொன்னால் அதுவும் ஒரு சொல்தான். நீங்கள் பத்துப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்லும் கணக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அந்த நோட்டையும் எடைக் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.