தேடப்படும் பூஜ்டிமோனை ஸ்பெயினால் ஏன் கொண்டுவர முடியவில்லை?

தண்டையார்பேட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் வாசகர் கேட்கிறார்: "ஸ்பெயினிலிருந்து பிரிய விரும்பிய கேட்டலோனியா மாநிலத்தின் தலைவர் கார்லஸ் பூஜ்டிமோன் பற்றிப் பாடம் எடுத்தேன். தேடப்படும் ஒருவர் பெல்ஜியத்தில் எப்படிப் பகிரங்கமாக வாழ்கிறார், எம்.பி. ஆகிறார் என்று மாணவர்கள் மடக்கிவிட்டார்கள். அகதி என்று சொல்லிச் சமாளித்தேன். சரிதானா? நம் நாட்டில் இப்படி ஒருவர் தேர்தலில் நிற்க முடியுமா?"

அகதி இல்லை, நாளைக்கே திருத்திச் சொல்லிவிடுங்கள். அவர் பெல்ஜியத்திடம் தஞ்சமே கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் எந்த உறுப்பு நாட்டிலும் குடியிருக்கலாம். அந்த உரிமையில்தான் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய வாட்டர்லூவில் வீடெடுத்தார்.

அவருடைய முன்கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1962இல் அமேர் என்ற சிற்றூரில் பேக்கரிக் குடும்பத்தில் பிறந்தவர், பத்திரிகையாளர், 2011இல் ஜிரோனா மேயர், 2016 ஜனவரியில் கேட்டலோனிய அரசின் தலைவர். 2017 அக்டோபர் 1 அன்று, அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தடையை மீறி விடுதலை வாக்கெடுப்பு நடத்தினார். வாக்களித்தவர்கள் சுமார் 43 சதவீதம். அதில் 90 சதவீதம் பேர் ஆதரவு. எதிர்ப்பாளர்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 27ஆம் தேதி கேட்டலோனிய நாடாளுமன்றம் விடுதலையை அறிவித்தது. அன்றே மாட்ரிட்டில் உள்ள ஸ்பெயின் மத்திய அரசு, தன் அரசியலமைப்பின் 155ஆவது பிரிவின்படி அவர் ஆட்சியைக் கலைத்தது. மாநில ஆட்சியைக் கலைக்க உதவும் நம் 356ஆவது பிரிவை எடுத்துக்காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். சில நாட்களில் அவர் பெல்ஜியத்தில் இருந்தார். ஊரிலேயே இருந்த துணைத்தலைவர் ஜுன்கேராஸுக்கு 2019இல் 13 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021இல் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார்.

வகுப்பில் அதிக நேரம் எடுக்க வேண்டிய இடம் ஐரோப்பியக் கைது ஆணை, அதாவது ஒரு உறுப்பு நாடு தேடும் ஆளைப் பிடித்து ஒப்படைக்கும்படி இன்னொரு உறுப்பு நாட்டைக் கேட்கும் ஆணை. இதில் அமைச்சர்களுக்கு வேலையில்லை. ஒரு நாட்டு நீதிபதி எழுதுவதை இன்னொரு நாட்டு நீதிபதி பார்க்கிறார். 32 வகைக் குற்றங்களுக்கு, 'எங்கள் சட்டத்திலும் இது குற்றமா' என்ற கேள்வி எழாது. ஸ்பெயின் அவர் மீது சாட்டிய கிளர்ச்சிக் குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. 2018 மார்ச்சில் டென்மார்க்கிலிருந்து காரில் வந்த பூஜ்டிமோனை ஜெர்மன் காவல்துறை பிடித்தபோது, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. தேசத்துரோகம் என்றால் ஜெர்மன் சட்டப்படி அரசைப் பணியவைக்கும் அளவுக்கு வன்முறை இருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. பொதுப்பணத்தைத் தவறாகச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் ஒப்படைக்கச் சம்மதித்தது.

அப்படியானால் ஸ்பெயின் ஏன் வாங்கிக்கொள்ளவில்லை? எந்தக் குற்றத்துக்காக ஒருவர் ஒப்படைக்கப்படுகிறாரோ அதற்கு மட்டுமே விசாரிக்கலாம் என்பது விதி. கிளர்ச்சி வழக்கு கைநழுவிப் போகும். ஸ்பெயின் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆணையையே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஓடி ஒளிந்த கதையாகச் சொன்னால் இந்த நுட்பம் மாணவர்களுக்குப் போய்ச் சேராது.

2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். மாட்ரிட் போய் உறுதிமொழி எடுத்தால்தான் எம்.பி. என்றது ஸ்பெயின், போயிருந்தால் கைது. தேர்தல் முடிவு அறிவித்ததுமே ஒருவர் உறுப்பினர்தான் என்று ஜுன்கேராஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அந்த வழியில் 2020 ஜனவரியில் இருக்கையில் அமர்ந்தார். மறு ஆண்டே ஐரோப்பிய நாடாளுமன்றம், உறுப்பினர் என்ற முறையில் வழக்கிலிருந்து அவருக்கு இருந்த சட்டக் காப்பை விலக்கியது.

2023 ஸ்பெயின் நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி பிடித்த 7 இடங்கள் இல்லாமல் சோஷலிஸ்ட் கட்சியின் பெட்ரோ சான்செஸ் மீண்டும் பிரதமராகியிருக்க முடியாது. அதற்கு விலையாக 2024இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. ஆனால் சொந்த ஆதாயத்துக்காகப் பொதுப்பணம் செலவிட்டவர்களுக்கு அது பொருந்தாது. அந்த விலக்கைக் காட்டி உச்ச நீதிமன்றம் அவருக்கு மன்னிப்பை மறுத்தது. அவர் பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. வாக்கெடுப்புச் செலவைத் தம் பணத்திலிருந்து கொடுக்காமல் மிச்சப்படுத்தியதே ஆதாயம் என்பது நீதிமன்றத்தின் வாதம். எனக்கு இது வலிந்து பொருள் கொண்டதாகவே படுகிறது. 2024 ஆகஸ்ட் 8 அன்று பார்சலோனாவில் திடீரென்று மேடையேறிப் பேசிவிட்டு, காவல்துறை கையில் சிக்காமல் வெளியேறினார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு உங்கள் பகுதியிலேயே ஆதாரம் இருக்கிறது. 1949இல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடங்கியபோது திராவிட நாடு அதன் கோரிக்கை. 1963இல் வந்த 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் வேட்பாளராகவே முடியாது. அந்த ஆண்டே கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டது. ஸ்பெயின் அரசியலமைப்பும் நாடு பிரிக்க முடியாதது என்றுதான் சொல்கிறது. ஆனாலும் பிரிவினை கேட்டுக் கட்சி நடத்தவோ தேர்தலில் நிற்கவோ அங்கே தடையில்லை. பூஜ்டிமோன் மீதான வழக்கு அவர் கோரிக்கைக்காக வந்ததன்று. நீதிமன்றத் தடையை மீறி, அரசுப் பணத்தில் அதைச் செயல்படுத்தியதற்காக வந்தது.