மருத்துவர் பதில்: தூங்கும் குழந்தையை எழுப்பிப் பாருங்கள்

கேள்வி: கிறிஸ்துமஸ் விருந்துக்காக வோட்கா கலந்த ஜெல்லி செய்து சின்னக் கிண்ணங்களில் வைத்திருந்தேன். ஒரு பாக்கெட் ஜெல்லிப் பொடிக்கு ஒரு கப் வெந்நீர், ஒரு கப் வோட்கா; 16 கிண்ணம் வந்தது. 3 வயது மகள் (14 கிலோ) அதில் இரண்டைத் தின்றுவிட்டாள். சிரித்துக்கொண்டே தள்ளாடினாள், பிறகு தூங்கிவிட்டாள். உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. காலையில் வழக்கம்போல எழுந்து விளையாடினாள். வெந்நீரில் சாராயம் ஆவியாகியிருக்காதா? ஜெல்லியை உறைய வைக்கும் ஜெலட்டின் எலும்பிலிருந்து வருவதாமே? சிவப்புச் சாயம் தடை செய்யப்பட்டதாமே? மூளை பாதித்திருக்குமா? அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று தோழி பயமுறுத்தியதால் யாரையும் அழைக்கவில்லை. புத்தாண்டு விருந்தும் எங்கள் வீட்டில்தான்.
வாசகி, நியூஜெர்சி

பதில்:

உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள். வலிப்பு வராமல், மூச்சு தடுமாறாமல், காலையில் எழுந்து ஓடியாடிய குழந்தைக்கு அந்த ஒரு இரவால் மூளை கெடாது. ஏறிய சாராயம் விடிவதற்குள் இறங்கியிருக்கும். ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். அடுத்த முறை குழந்தை மருத்துவரைப் பார்க்கும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், போதும்.

எலும்பையும் சாயத்தையும் இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஜெலட்டின் மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவதுதான். சாப்பிடலாமா என்பது உங்கள் வழக்கத்தைப் பொறுத்தது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதியை விலக்கிக்கொண்டது ரெட் 3 என்ற சாயத்துக்கு. சிவப்பு ஜெல்லிப் பொடியில் பெரும்பாலும் போடுவது ரெட் 40. எதுவானாலும் இரண்டு கிண்ணத்துச் சாயத்தால் ஒரு குழந்தைக்கு எதுவும் நேராது.

சாராயம் ஆவியாகியிருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். பொடியை வெந்நீரில் கரைத்த பிறகுதானே வோட்காவை ஊற்றினீர்கள்? ஏறக்குறைய முழுவதும் அதிலேயே நின்றுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கப் 240 மில்லி. அதை 16 கிண்ணத்துக்குப் பிரித்தால் கிண்ணத்துக்கு 15 மில்லி வோட்கா. அதில் சுத்தமான சாராயம் மட்டும் கிட்டத்தட்ட 5 கிராம். பெரியவர் ஒருவருக்கு இது பெரிய விஷயமில்லை. 14 கிலோ குழந்தைக்கு இரண்டு கிண்ணம் போனால், ரத்தத்தில் ஏறும் அளவு உங்கள் மாநிலத்தில் கார் ஓட்டுகிறவருக்கு விதித்த வரம்பைத் தாண்டிவிடும். அவள் சிரித்ததும் தள்ளாடியதும் போதையில்தான்.

குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. இருமல் மருந்து அளந்து கொடுக்கும் கிண்ணத்தின் அளவு, ஸ்ட்ராபெரி வாசனை, பளபளவென்று ஆடும் சிவப்பு. வோட்காவின் காரம் இனிப்பில் அமுங்கிவிடுகிறது. 1862-லேயே நியூயார்க்கின் மதுக்கூடக்காரர் ஜெர்ரி தாமஸ் இந்த மாதிரி ஜெல்லிக்குச் செய்முறை எழுதிவிட்டு, சரக்கின் வீரியத்தை ஜெலட்டின் மறைத்துவிடும், அளவோடு சாப்பிடுங்கள் என்று எச்சரித்திருக்கிறார். பெரியவர்களே ஏமாறும் பண்டம் அது.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் குழந்தைக்குச் சாராயம் செய்யும் பெரிய கெடுதல் போதை இல்லை, ரத்தச் சர்க்கரை விழுவது. சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் சர்க்கரையைத் தயாரித்துக் கொடுப்பது கல்லீரல். சாராயம் வந்துவிட்டால் அந்த வேலை தடைபடுகிறது. குழந்தையின் கல்லீரலில் சேமிப்பும் குறைவு. அதனால் போதை இறங்கத் தொடங்கிய பிறகு, சில மணி நேரம் கழித்துக்கூட சர்க்கரை சடாரென்று விழலாம். வெளியே பார்த்தால் குழந்தை தூங்குவது போலத்தான் இருக்கும்.

இரவுப் பணியில் இருந்தபோது ஒருநாள் 4 வயதுப் பையனை அவன் அப்பா தோளில் போட்டுத் தூக்கி வந்தார். பெரியவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் போன மிச்ச டம்ளர்களை அவன் ஒவ்வொன்றாகக் காலி செய்திருக்கிறான். ஆடிய களைப்பு என்று நினைத்து மூன்று மணி நேரம் தூங்க விட்டிருந்தார்கள். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது, உள்ளங்கை சில்லிட்டிருந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டில் சர்க்கரை வெறும் 31, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து "அம்மா எங்கே?" என்றான். இன்னும் ஒரு மணி நேரம் தூங்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே சாராயம் குடித்த குழந்தை தூங்கினால் எழுப்புங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், உள்ளங்காலைத் தேயுங்கள். முகம் சுளித்து, சிணுங்கி, உங்களைத் தள்ளிவிட்டால் நல்லது. எழுப்ப முடியாவிட்டாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, கை கால் வெட்டினாலோ, மூச்சு மெதுவாகி விட்டு விட்டு வந்தாலோ ஒரு நொடியும் யோசிக்காமல் 911. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நன்றாக விழித்திருந்தால் மட்டும் பழச்சாறு மாதிரி இனிப்பாக ஏதாவது கொடுக்கலாம்.

உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு யார் சொன்ன வைத்தியம்? கோபமாகத்தான் கேட்கிறேன். அரை மயக்கத்தில் இருக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். உப்பு அதிகமானால் அதுவே விஷம். உங்கள் மகள் வாந்தி எடுக்காதது அதிர்ஷ்டம். காபி, மோர், அடுப்புக்கரி எதுவும் சாராயத்தை முறிக்காது.

தோழி சொன்ன பயத்துக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் நஞ்சு ஆலோசனை மையத்தின் எண் 1-800-222-1222. இலவசம், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், பேசியது ரகசியமாக இருக்கும், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். எடை, எத்தனை கிண்ணம், எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, கிளம்பி வர வேண்டுமா என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளை பிழைப்பதற்கான நேரத்தை வதந்திக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

புத்தாண்டுக்கு இந்த ஜெல்லியே வேண்டாம் என்பேன். குழந்தைகள் ஓடும் வீட்டில் மிட்டாய் மாதிரி இருக்கும் மது எதற்கு? செய்தே தீருவேன் என்றால் அன்றைக்குக் குழந்தைகளுக்கு ஜெல்லி செய்யாதீர்கள், இரண்டும் கலந்துபோகும். மூடி போட்டு, எண்ணி, எட்டாத உயரத்தில் வையுங்கள். காலிக் கிண்ணங்களையும் எண்ணி வாங்குங்கள், பாதி தின்று வைத்தவை உடனே குப்பைக்குப் போகட்டும். விருந்தினர் கிளம்பியதும் நீங்கள் படுப்பதற்கு முன்னால் சோபாவுக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள். காலையில் முதலில் எழுவது அவள்தானே. மேலே சொன்ன எண்ணைப் பெரிதாக எழுதி இன்றே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.