கூடத்தில் எங்கள் குடும்பம் இருப்பதை ஆயில் பெயிண்ட்டில் வரைய ஆசை. ஐந்து பேர் முகத்தையும் அச்சு அசலாகக் கொண்டுவருவது எப்படி?

முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கூடத்தை வரையுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து நாலு மாதத்தை வீணடித்தவன்.

எங்கள் வீட்டிலும் ஐந்து பேர்தான்: அப்பா, அம்மா, அத்தை, அக்கா, அக்கா பையன். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்பது நடக்காத காரியம் என்று, அவரவர் போட்டோவைப் பார்த்து ஒவ்வொரு முகமாக முடித்தேன். சாயல் நன்றாகவே வந்தது. ஆனால் அம்மா மேல் டியூப்லைட், அத்தை மேல் கல்யாண மண்டப வெளிச்சம், பையன் மேல் மைதானத்து வெயில். "வோட்டர் ஐடியை எல்லாம் வரிசையா ஒட்டின மாதிரி இருக்குடா" என்றார் அத்தை.

இரண்டாவது தடவை ஒரு வாரம் ஆளே இல்லாமல் கூடத்தை மட்டும் வரைந்தேன். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை இடது ஜன்னலில் வரும் வெளிச்சம் மட்டும். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, எது இருட்டு, எது வெளிச்சம் என்று பிரித்துக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் வீட்டுத் தரை சிவப்பு ஆக்சைடு. வெளிச்சம் தரையில் பட்டு மேலே எழும்பும்போது எல்லாவற்றிலும் கொஞ்சம் சிவப்பை ஏற்றிவிடுகிறது. அப்பாவின் வெள்ளை வேட்டி கரைப்பக்கம் நிழலில் சாம்பலாக இல்லை, செம்மண் தண்ணீரில் அலசிய மாதிரி இருந்தது. அம்மாவின் முகவாய்க்கு அடியிலும் அதே சிவப்பு. அதைப் போட்ட பிறகுதான் ஐந்து பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

அதற்காக ஆட்களைத் தனித்தனியாக வரைவதே தப்பு என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சு ஓவியர் டெகா 1858இல் இத்தாலியில், ஃபிளாரன்ஸில் இருந்த தன் அத்தை வீட்டில் தங்கி, அத்தை, மாமா, இரண்டு பெண்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டார். பெரிய படத்தை முடித்தது பாரிஸில், சில வருடங்கள் கழித்து. 'பெல்லெல்லி குடும்பம்' என்ற அந்தப் படம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரம். அப்பாவைப் பறிகொடுத்த துக்கத்தில் அத்தை கறுப்பு உடையில் நிற்கிறார். மாமா நமக்கு முதுகு காட்டி நாற்காலியில். நடுவில் சின்னப் பெண் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது மூலையில் வெளியே போகிற நாய்க்குத் தலையே கிடையாது, படம் அங்கே முடிந்துவிடுகிறது! மாமா முகம் சரியாகத் தெரியாவிட்டாலும், புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே விட்ட இடைவெளியே அந்த வீட்டில் என்ன நிலவரம் என்று சொல்லிவிடுகிறது. அதனால் யார் யாருக்குப் பக்கத்தில் என்பதை முகத்துக்கு முன்னால் முடிவு செய்யுங்கள்.

மற்றதெல்லாம் வழக்கமான சமாசாரம். நிற்கிற ஆளுக்கு ஏறத்தாழ ஏழு தலை உயரம். தலை நாலு அங்குலமாவது இருக்க வேண்டுமென்றால் கேன்வாஸ் மூன்றடி உயரத்துக்குக் குறையக் கூடாது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போகக் கூடுதல். மாற்றிச் செய்தால் விரிசல் விடும். லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

அப்பா கடைசி வரை உட்காரவே இல்லை. பேப்பர் படிக்கிறபோது பிடித்ததுதான், பாதி முகம் பேப்பருக்குப் பின்னால். வருகிறவர்கள் முதலில் அடையாளம் சொல்வது அவரைத்தான். வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் பொறுங்கள், அதுவரை குழந்தைகளை அண்ட விடாதீர்கள். எங்கள் படத்தில் ஊஞ்சல் சங்கிலிக்குப் பக்கத்தில் அக்கா பையனின் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது.