பெற்ற மனம் – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் மயூர் விஹாரில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். மருமகள் ராணுவ டாக்டர். ஐ.நா. அமைதிப்படையோடு தெற்கு சூடானுக்கு ஒரு வருடம் போகிறார். நான்கு வயதுப் பையனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறார். விஷயம் தெரிந்ததிலிருந்து சாயங்காலம் பார்க் பெஞ்சில் இதே பேச்சுதான். "பெத்த மனம் பித்துன்னு சொல்வாங்க, இவ மனசு என்ன கல்லா?" என்றார் ஒரு நண்பர். "நம்ம நாட்டு எல்லைன்னாலும் பரவாயில்லை, எவனோ ஆப்பிரிக்காக்காரன் சண்டைக்கு இவ எதுக்கு?" என்றார் இன்னொருவர். எனக்கு முழுதாக ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் வாய் வரவில்லை. அந்தப் பையன் என் பேரனோடு விளையாடுகிறவன். அவனைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., தில்லி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் பழமொழியைப் பாதியில் நிறுத்திவிட்டார். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. அதில் கல் என்று சொல்லியிருப்பது பிள்ளையை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அப்பா போனால் இப்படிப் பேசுவோமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி, அதை விடுங்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன தாய்மார்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், என் ஊரிலும் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தால் அதிகம். பிள்ளை பாட்டியிடம்தான் வளரும். அவர்களைக் கல் மனசுக்காரி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "பாவம், பிள்ளைக்காகத்தானே அங்கே கிடந்து கஷ்டப்படுது" என்போம். வறுமை துரத்திப் போனால் தியாகம், பிடித்த வேலைக்காகப் போனால் கல் மனசு. உங்கள் டாக்டரம்மா நாலு பேர் பார்க்க அழுதுகொண்டே கிளம்பினால் பெஞ்சில் பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

பெஞ்சை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய பெரிய அரசுகளே இப்படித்தான் நினைத்தன. பிரிட்டனில் கர்ப்பமான ராணுவப் பெண்ணை 1990 வரை வேலையிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 1951-இல் போட்ட ஓர் உத்தரவு இன்னும் ஒரு படி மேல். கணவனின் முதல் தாரத்துப் பிள்ளை வீட்டில் இருந்தால்கூடப் பெண்ணை வெளியேற்றலாம். நம் ராணுவ நர்ஸ் செலினா ஜான் 1988-இல் கல்யாணம் செய்துகொண்டதற்கே வேலையை இழந்தார். அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 பிப்ரவரியில். பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்கும் வழக்கில் அரசு கொண்டுவந்த காரணங்களில் பிரசவமும் பிள்ளை வளர்ப்பும் இருந்தன. இந்த வாதத்தை நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று தள்ளியது. தீர்ப்பு வந்தது சரி, பெஞ்சுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது நண்பருக்கு ஒரு வார்த்தை. ஐ.நா.வின் முதல் முழுப் பெண் போலீஸ் அணியை 2007-இல் லைபீரியாவுக்கு அனுப்பியது இந்தியாதான். சி.ஆர்.பி.எஃப். பெண்கள். (அது ராணுவம் இல்லை, துணை ராணுவம் என்று யாரும் அடுத்த கடிதம் எழுத வேண்டாம், தெரியும்.) தலைநகர் மன்ரோவியா தெருக்களில் ராத்திரி ரோந்து போனார்கள். வருடா வருடம் ஆள் மாறி மாறி 2016 வரை இருந்தார்கள். அவர்கள் போனபோது அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறையில் பெண்கள் 6 சதவீதம், திரும்பும்போது 17 சதவீதம் என்று ஐ.நா. சொல்கிறது. எவனோ ஆப்பிரிக்காக்காரன் வீட்டுப் பெண்களுக்கு அதில் பங்கு இருந்திருக்கிறது.

இனி உங்கள் கடிதம். அதில் மாமியார் ஒரே ஒரு சொல்லில் வந்து போகிறார், கவனித்தீர்களா? "மாமியாரிடம் விட்டுவிட்டு", அவ்வளவுதான். அவருக்கு வயது என்ன, முழங்கால் எப்படி இருக்கிறது, பையனோடு இரண்டு மாடி ஏறி இறங்க முடியுமா, பெஞ்சில் யாராவது கேட்டார்களா? 1991 வளைகுடாப் போருக்கு அமெரிக்கப் பெண்கள் சுமார் 40,000 பேர் போனபோதும் இப்படித்தான். கைக்குழந்தைக்காரியை அனுப்பலாமா என்று தேசமே விவாதித்தது, மசோதாக்கள்கூட வந்தன. தனியாகப் பிள்ளை வளர்க்கும் சிப்பாய், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று அங்கே எழுதிக் கொடுக்க வேண்டும். 2009-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண் சிப்பாய் தன் அம்மா பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த அம்மா ஏற்கெனவே வீட்டில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர். முடியாமல் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வயது நிரம்பாத குழந்தை. மகள் ஆப்கானிஸ்தான் விமானத்தில் ஏறவில்லை, கைதானாள். ராணுவம் ஒழுங்காகத்தான் தாள் வாங்கி வைத்திருந்தது. பாட்டிக்கு முடியுமா என்பது தாளில் இல்லை.

2008 வாக்கில் நான் ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தேன். மலை மந்திர் கிருத்திகைக்கு ஒரு பாட்டி வருவார், கோவில்பட்டிப் பக்கம். முனிர்காவில் ஒரு ரூம். மகள் லைபீரியாவில், மருமகன் ஜம்முவில் டியூட்டி, கையில் நான்கு வயதுப் பேத்தி. பாட்டிக்கு ஹிந்தி சுத்தமாக வராது. மதர் டெய்ரி பூத்தில் டோக்கனை நீட்டுவார், அதற்குப் பேச்சு வேண்டியதில்லையே! ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரில் காலையில் தாள் கிழிப்பது பேத்தி. கிழித்ததைத் தூர எறிய விடமாட்டாள். அம்மாவிடம் காட்ட வேண்டுமாம், பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு அங்கிருந்து ஃபோன் வரும், அங்கே சாயங்காலம் நாலு. குழந்தை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும்.

வருடம் முடிந்து அந்தப் பெண் வந்த வாரம் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளை மனம் கல் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். குழந்தை பாட்டி புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டது. கூப்பிட்டும் வரவில்லை. வெகுநேரம் கழித்து டின்னை மட்டும் தரையில் தள்ளிவிட்டது. அவள் தாள்களைக் கையில் எடுத்தாள். பின்பக்கமெல்லாம் பாட்டியின் பென்சில் எழுத்து, அன்றாடச் செலவு. பால் டோக்கன் 2, தக்காளி, ஆட்டோ. படித்துக்கொண்டே வந்தவள் ஒரு தாளில் நின்றாள். சுரம், ஊசி, ஆட்டோ. அடுத்த தாளிலும் சுரம். அதற்கடுத்ததிலும்.

"இதைச் சொல்லவே இல்லையேம்மா" என்றாள்.

"சொன்னா? அங்கேர்ந்து நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு, பாட்டி எனக்குக் காப்பி போட எழுந்து போனார்.

அன்புடன்.