நாவலை முதலில் யாரிடம் படிக்கக் கொடுப்பது?

கேள்வி: விசைத்தறித் தொழிலாளர் குடும்பங்களை வைத்து 240 பக்கத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். மனைவி 'நல்லா இருக்கு' என்கிறார். கல்லூரி நண்பன் 'சூப்பர்டா, உடனே புத்தகமாப் போடு' என்கிறான். எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவருக்கு பிடிஎஃப் அனுப்பி நான்கு மாதம் ஆகிறது, பதில் இல்லை. பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் நம்பிக்கையான யாராவது படித்துச் சொன்னால் தேவலை. யாரிடம் கொடுப்பது? கதையைத் திருடிவிட்டால் என்ன செய்வது? - வாசகர், குமாரபாளையம்.

அந்த எழுத்தாளரின் மௌனத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கொஞ்சம் பெயர் தெரிந்த எழுத்தாளர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் பிரதிகள் வந்துகொண்டே இருக்கும். 240 பக்கத்தை ஒழுங்காகப் படித்துக் குறிப்பு எழுத ஒரு வாரத்து மாலைப்பொழுதுகளாவது போகும். அவர் உங்கள் ஃபைலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தவிர, இந்தக் கட்டத்தில் உங்களுக்கு எழுத்தாளர் தேவையும் இல்லை. எழுதுகிறவர் பெரும்பாலும் 'இதை நான் எப்படி எழுதியிருப்பேன்' என்று யோசித்துக்கொண்டே படிப்பார். உங்களுக்கு வேண்டியது, படிக்கும்போது தனக்கு என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லும் வாசகர்.

மனைவியும் நண்பரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்வி அப்படி. சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் யாரும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். அவர்களிடமே கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தாய்? மறுபடி எடுக்க எத்தனை நாள் ஆயிற்று? யார் எவர் என்று குழம்பிய இடம் உண்டா? எதைத் தாண்டிப் படித்தாய்? கடைசியாக, பிரதியைப் பார்க்காமல் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் விட்டது எது என்று கவனியுங்கள். நீங்கள் மூன்று அத்தியாயம் செலவழித்த சித்தப்பா அந்தக் கதையில் வரவே இல்லையென்றால், அதைவிடத் தெளிவான விமர்சனம் கிடைக்காது.

வெளியாள் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். பிரதியில் இப்படி இரண்டு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'முருகேசன் தறியை நிறுத்திவிட்டு மணியைப் பார்த்தான். முத்துவுக்குத் தெரிந்தால் வம்புதான்.' மணி என்பது கூட வேலை செய்யும் பையன் என்று உங்களுக்குத் தெரியும். வாசகர் கடிகாரத்தைப் பார்த்தான் என்று படித்துவிட்டு, அந்தப் பையன் பேசத் தொடங்கும்போது இவன் எங்கிருந்து வந்தான் என்று முழிப்பார். போதாக்குறைக்கு முருகேசன், முத்து, மணி மூன்று பெயரும் 'ம' வரிசையில்தான் தொடங்குகின்றன. இதை நீங்கள் நூறு முறை படித்தாலும் கண்ணில் படாது.

சரி, ஆட்களை எங்கே பிடிப்பது? நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். 1961இல் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றம், 1975இல் தொடங்கிய தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) என்ற இரண்டு இலக்கிய அமைப்புகளுக்கும் பல ஊர்களில் கிளைகள் உண்டு. புத்தக விமர்சனக் கூட்டம் போடுவார்கள். உங்களுக்கு ஆற்றைத் தாண்டினால் பவானி, ஈரோடும் பக்கம்தான். போன முதல் நாளே பிரதியை நீட்டாதீர்கள். சில கூட்டங்களுக்குச் சும்மா போய் உட்கார்ந்து, யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். 'சமூக அவலத்தைத் தோலுரிக்கும் அற்புதமான படைப்பு' என்று பேசுகிறவரை விட்டுவிடலாம். 'கல்யாண அத்தியாயம் இழுக்குது, ஆனா அந்தப் பாட்டி வாயைத் திறந்ததும் சரியாயிடுச்சு' என்று ஒருவர் சொன்னால், அவர்தான் உங்கள் ஆள். அவர் மேடையில் இருக்க மாட்டார். பெரும்பாலும் பின்வரிசையில் இருப்பார். டீ குடிக்கும்போது பேச்சுக் கொடுங்கள். அவரும் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதை முதலில் நீங்கள் படித்துக் குறிப்புக் கொடுங்கள். அப்புறம் உங்களுடையதைக் கேட்க வாய் கூசாது.

எந்தப் புத்தகத்தையும் தன் கொள்கைக்கு உரைத்துப் பார்ப்பவர், உங்கள் நாவலைத் தன் நாவலாக மாற்றச் சொல்பவர், நீங்கள் கடன்பட்டவர் - இவர்கள் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பிரதி திருத்துவது தனித் தொழில், நல்ல தொழில்தான். ஆனால் அது இதற்குப் பிந்திய வேலை.

உங்கள் நாவலுக்கு இன்னொரு வாசகர் கட்டாயம் வேண்டும்: தறி ஓட்டியவர். பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்கு நூல்), நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவது, இரவு ஷிஃப்ட் இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் அதை அடைக்காமல் வேறு பட்டறைக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதும் அவருக்குத்தான் தெரியும்; உங்கள் கதாநாயகன் ஓர் அத்தியாயத்தில் சண்டை போட்டுக்கொண்டு சும்மா வேறு பட்டறைக்குப் போய்விட்டால் அவர் சிரித்துவிடுவார். அவருக்குப் படிக்கும் பழக்கம் இல்லையென்றால் என்ன, இரண்டு அத்தியாயத்தை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நம்மிடம் இது பழைய வழக்கம்தான். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் தொல்காப்பியர் தன் நூலை அதங்கோட்டாசான் என்ற புலவருக்குக் குற்றமறச் சொல்லிக் காட்டினார் என்று தொல்காப்பியப் பாயிரமே சொல்கிறது. தறி ஓட்டியவர் எந்த இடத்தில் 'இரு, இரு' என்று கையைக் காட்டுகிறாரோ, அங்கே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

திருட்டைப் பற்றி: இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனே உரிமை உங்களுடையதாகிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. செய்தால் சான்றாக உதவும். உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் நீடிக்கும். ஆனால் சட்டம் காப்பது நீங்கள் எழுதிய எழுத்தை. 'தறித் தொழிலாளி மகள் ஊரை விட்டுப் போகிறாள்' என்ற வெறும் கருவை அல்ல. முழுப் பிரதியை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொண்டால் தேதியோடு ஒரு தடயம் இருக்கும். உள்ளபடி சொன்னால், முதல் நாவல்காரருக்குத் திருடர்களைவிட, வாங்கி வைத்துக்கொண்டு படிக்காதவர்களால்தான் தொல்லை அதிகம்.

அதனால் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். முதல் 20 பக்கத்தை ஏ4 தாளில், ஒன்றரை வரி இடைவெளி விட்டு, ஓரத்தில் குறிப்பெழுத இடம் விட்டு, பக்க எண்ணோடு அச்செடுத்து, ஒரு பென்சிலும் சேர்த்துக் கொடுங்கள். போனில் பிடிஎஃப் படிப்பவர் நடுவில் வரும் ஒவ்வொரு மெசேஜுக்கும் உங்களை விட்டுப் போய்விடுவார். வேர்டு ஃபைல்தான் வேண்டும் என்றால் யூனிகோடில் அனுப்புங்கள். பாமினியில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பையாகத் தெரியும். இரண்டு வாரத்தில் 20 பக்கம் நகரவில்லையா, மனத்தாங்கல் இல்லாமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

குறிப்பு வந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். 'அது எதுக்குன்னா...' என்று நீங்கள் ஆரம்பித்தால் அவர் அத்தோடு நிறுத்திக்கொள்வார். கேட்டு எழுதிக்கொண்டு நான்கு நாள் தள்ளிப் போடுங்கள். வாசகர் கைவைத்துக் காட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். சொல்லும் மருந்து பெரும்பாலும் தப்பாக இருக்கும். 'அப்பாவைச் சாகடித்திருக்க வேண்டாம்' என்று ஒருவரும், 'மகள் ஊரை விட்டுப் போவது நம்பும்படி இல்லை' என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டும் ஒரே குறையாக இருக்கலாம்: அப்பாவும் மகளும் ஒருமுறைகூடத் தனியாகப் பேசிக்கொள்ளவில்லை. சேர்க்க வேண்டிய காட்சி, இருவரும் காட்டிய இடத்துக்கு 30 பக்கம் முன்னால் இருக்கும். ஒருவர் மட்டும் சொன்னதை யோசியுங்கள். இருவர் தனித்தனியாக ஒரே பக்கத்தில் தடுக்கினால் திருத்துங்கள்.

மொத்தம் நான்கைந்து பேர் போதும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். இரண்டு பேர் முதல் பிரதிக்கு. திருத்திய பிரதிக்கு அதைப் பார்த்தே இராத மற்றவர்கள். ஒருமுறை படித்தவரால் மறுபடி புதிதாகப் படிக்க முடியாது. புத்தகம் வந்தால் நன்றிப் பக்கத்தில் பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். தறி ஓட்டுபவர், முதலாளி கண்ணில் படுமே என்று வேண்டாம் என்று சொல்லலாம்.