27 லட்சத்துக்கு வரும் பிஎம்டபிள்யூ 330ஐ: வாங்கலாமா, வாங்கினால் என்ன செலவாகும்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். சென்னையில் 2019 கடைசியில் பதிவான பிஎம்டபிள்யூ 330ஐ எம் ஸ்போர்ட் ஒன்று 27 லட்சத்துக்கு வருகிறது. ஓடியது 58,000 கி.மீ. வாங்கினால் நான் இரண்டாவது ஓனர். மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டுவேன்; பாதிக்கு மேல் கோவை, சேலம், சென்னை என்று ஹைவேதான். வாங்கலாமா? வருஷத்துக்கு என்ன செலவாகும்? கம்பெனி சர்வீஸுக்கு ஒவ்வொரு முறையும் கோவை போக வேண்டும். உள்ளூரில் தெரிந்த மெக்கானிக்கிடமே விட்டுப் பார்த்துக்கொள்ள முடியாதா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சில வேலைகளுக்கு விடலாம், சிலவற்றுக்கு விடவே கூடாது. எது எது என்று கீழே வருகிறது. வாங்கலாமா என்றால், வண்டி நல்ல தேர்வுதான். ஆனால் கையில் 27 லட்சம் வைத்திருப்பவர் வாங்குகிற வண்டி அல்ல இது. 30 வைத்திருப்பவர் 27க்கு வாங்குகிற வண்டி.

2019 ஆகஸ்டில் இந்த மாடல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 47.90 லட்சம். வண்டியின் விலை கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிட்டது. அதன் பம்பரோ டயரோ விலை இறங்கவில்லை. ஒரு எல்இடி ஹெட்லைட் உடைந்தால் பில் ஒரு லட்சத்தைத் தாண்டும். 'சென்னைக்குப் பக்கத்தில்தானே சார் அசெம்பிள் பண்றாங்க' என்பார்கள். உண்மைதான், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ ஆலை ஓடுகிறது. அதற்காகப் பார்ட்ஸ் உள்ளூர் விலைக்கு வந்துவிடாது.

இன்னொன்று, சர்வீஸ் அட்டவணை. எந்த பிரீமியம் காரிலும் கம்பெனி அட்டவணை முதல் ஓனரை மனதில் வைத்துப் போட்டது. அவர் மூன்று நான்கு வருஷம் ஓட்டுவார், அதற்குள் செலவு குறைவாகத் தெரிய வேண்டும். ஆயில் எப்போது மாற்றுவது என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். ஐரோப்பாவில் அது இரண்டு வருஷம் வரைகூட நீளும். வண்டி ஒன்றரை லட்சம் கி.மீ. தொடும்போது எப்படி இருக்கும் என்பது முதல் ஓனரின் கவலை இல்லை. அது உங்கள் கவலை. ஆகவே திரை காட்டுவதற்குக் காத்திருக்காமல் நீங்கள் தனியாக ஒரு அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். இதில் இருப்பது பி48 என்கிற 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க், நூறு கி.மீ. வேகத்தை ஆறு வினாடிக்குள் தொடும். முந்தைய தலைமுறை 328ஐ-யில் இருந்த என்20 இன்ஜினில் டைமிங் செயினை (இன்ஜின் வால்வுகளை இயக்கும் சங்கிலி) தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைவது பெரிய தலைவலி. பழைய 320டி-யின் என்47 டீசலில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் அதைத் தொடுவதற்கே பெரிய பிரிப்பு வேலை. யாராவது 'அதே காசுக்கு இரண்டு வண்டி எடுக்கலாம்' என்று பழைய 328ஐ-யைக் காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பி48-ல் இப்படிச் செயின் தொல்லை வருவது அரிது; அந்த வகையில் நிம்மதியான இன்ஜின்.

சென்னை வண்டி என்பதால் மழைத் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நின்ற எத்தனையோ கார்கள் மூழ்கின; அப்போது உங்கள் வண்டிக்கு நான்கு வயது. வெளியில் பாலிஷ் போட்டால் ஒன்றும் தெரியாது. எல்லா சீட் பெல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியை ஷாம்பூ போட்டுக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு அடியை யாரும் கழுவுவதில்லை. அங்கே குறுக்காக ஒரு பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. அப்புறம் டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பேட்டரியைச் சுற்றிப் பாருங்கள் (இந்த வண்டியில் பேட்டரி பின்னால்தான்). போல்ட்டுகளில் துரு, மூலையில் நைசான வண்டல் இருந்தால் விலை பேசவே வேண்டாம். இன்சூரன்ஸ் கிளைம் வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஸ்கேன். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவி போதாது. கம்பெனியின் இஸ்டா சாஃப்ட்வேர் வைத்திருக்கும் இடத்தில் செய்ய வேண்டும். கி.மீ. எண்ணிக்கை மீட்டரில் மட்டும் இல்லை, வேறு கண்ட்ரோல் யூனிட்டுகளிலும் பதிவாகிறது. மீட்டரைத் திருப்புகிறவர் எல்லாவற்றையும் திருப்புவது அரிது. ஒவ்வொரு ஃபால்ட் கோடும் (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடு) எத்தனையாவது கி.மீ.-ல் வந்தது என்றும் அதில் தெரியும். மீட்டர் 58,000 காட்டும்போது 81,000-ல் விழுந்த ஒரு ஃபால்ட் கோடு உட்கார்ந்திருந்தால் சங்கதி வெளிச்சம். இன்னொரு விஷயம்: ஆறு வருஷ பிஎம்டபிள்யூ ஒன்றில் ஃபால்ட் மெமரி துளிகூட இல்லாமல் காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சின்னச் சின்னதாக நான்கைந்தாவது இருக்கும். சுத்தமாகத் துடைத்திருந்தால் யாரோ நேற்றுத் துடைத்திருக்கிறார்கள். வண்டியின் திரையில் வரும் ஐடிரைவ் மெனுவில் சர்வீஸ் வரலாறு இருக்கும், அதையும் பில்களோடு ஒப்பிடுங்கள். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள்.

சரி, வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் செய்ய வேண்டிய பெரிய வேலை கியர்பாக்ஸ் ஆயில். இதில் பலரும் ஏமாறுகிறார்கள். வண்டியில் இருப்பது இசட்எஃப் கம்பெனியின் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். இதன் ஆயிலை மாற்றவே வேண்டியதில்லை என்பது பிஎம்டபிள்யூவின் நிலை. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.-க்குள், அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவர் பக்கம். சென்னை வெயிலிலும் டிராஃபிக்கிலும் ஓடிய வண்டிக்கு 60,000-லேயே மாற்றுவது தப்பில்லை.

ஆனால் இதை எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் செய்ய முடியாது. கீழே இருக்கும் ஆயில் பேன் (ஆயில் நிற்கும் தட்டு) பிளாஸ்டிக். ஃபில்டர் அதற்குள்ளேயே சேர்ந்து வரும். பேனைக் கழுவி மாட்டக் கூடாது, முழுதாகப் புதுசு போட வேண்டும், அதன் அலுமினிய போல்ட்டுகளும் புதுசு. அளவு பார்க்கும்போது வண்டி சமமாக நிற்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்தச் சூட்டை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும். 'எவ்வளவு வெளியே வந்துச்சோ அவ்வளவு ஊத்திட்டோம்' என்று ஒருவர் சொன்னால், அவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நல்ல இடத்தில் 60,000 முதல் 80,000 ரூபாய் ஆகும். கியர்பாக்ஸே போனால் வரும் பில்லோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

இன்ஜின் ஆயிலை 8,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஐந்தேகால் லிட்டர் பிடிக்கும். கேனில் கிரேடு மட்டும் பொருந்தினால் போதாது. ஓனர் புத்தகத்தில் சொன்ன பிஎம்டபிள்யூ லாங்லைஃப் அப்ரூவல் எண் கேனிலும் அச்சாகியிருக்க வேண்டும். இந்த இன்ஜினில் டிப்ஸ்டிக் கிடையாது, அளவைத் திரையில்தான் பார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை, ஓட்டி முடித்த சூட்டோடு பாருங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. பெட்ரோல் 95 ஆக்டேன் போடுங்கள். எத்தனால் எவ்வளவு வரை தாங்கும் என்பது பெட்ரோல் மூடியின் ஸ்டிக்கரில் இருக்கும்.

ஆறாவது வருஷத்திலிருந்து ரப்பரும் பிளாஸ்டிக்கும் வேலை வைக்க ஆரம்பிக்கும். வால்வ் கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் ஹவுசிங், கூலன்ட் பைப்புகள், கூலன்ட் டேங்க். எல்லாம் ஒரே வருஷத்தில் வராது, ஆனால் வரும். கூலன்ட் குறைந்ததாகத் திரையில் மெசேஜ் வந்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இந்த வண்டிக்காரர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். கம்பெனி போட்டுத் தருவது ரன்-ஃப்ளாட். காற்று முழுக்க இறங்கினாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை போகலாம். உங்களுக்கு இது அளந்து வைத்தது போல: பெருந்துறை தாண்டிப் பஞ்சரானாலும் கோவைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அப்படிக் காற்றில்லாமல் ஓட்டிய டயரைத் திரும்பப் போடக் கூடாது. பக்கவாட்டு கெட்டியாக இருப்பதால் பள்ளத்தில் இறங்கும்போது அடி நேராக முதுகுக்கு வரும், அலாய் வீலும் வளையும். 18 இன்ச் டயர் ஒன்று 20,000-க்கு மேல்தான். பின்னால் அகல டயர் இருந்தால் (பக்கவாட்டில் முன்னால் 225, பின்னால் 255 என்று போட்டிருக்கும்) முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் முடியாது.

இந்த செட் தேய்ந்ததும் சாதாரண டயருக்கு மாறுங்கள் என்பேன். மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், டிக்கியில் ஒரு ஸ்டெப்னியோ பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் ஜாக் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அடியில் நான்கு மூலையிலும் செவ்வகமாக ஒரு கறுப்புக் கட்டை இருக்கும், அதில்தான் ஜாக் உட்கார வேண்டும். அதற்குப் பக்கத்துத் தகட்டில் போட்டால் நசுங்கிவிடும்.

இப்போது மெக்கானிக் விஷயம். உள்ளூர் ஆளிடம் டயர், ஏசி ஃபில்டர், வைப்பர் செய்துகொள்ளலாம். அவர் கவனமானவர் என்றால் இன்ஜின் ஆயிலும். பேட்டரிகூட அவரிடம் மாற்றக் கூடாது: புது பேட்டரி போட்டதைக் கம்ப்யூட்டரில் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கணக்கிலேயே புதுசையும் ஏற்றிச் சீக்கிரம் கெடுத்துவிடும். பின் பிரேக் பேடுக்கும் அப்படியே. எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் இருப்பதால் ஸ்கேனர் மூலம் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இதற்கெல்லாம் கோவையில் பிஎம்டபிள்யூ மட்டுமே பார்க்கும் தனி ஒர்க்‌ஷாப் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே லெம்ஃபோர்டர், மாலே, பாஷ் என்று கம்பெனிக்கே சப்ளை செய்பவர்களின் பார்ட்ஸ் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சாஃப்ட்வேர், ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது), ஏர்பேக் மட்டும் ஷோரூமுக்கு. வண்டியின் விஐஎன் எண்ணை (சேஸிஸ் நம்பர்) சொன்னால் ரீகால் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயம். வண்டி ஐந்து வயதைத் தாண்டிவிட்டதால் பல நிறுவனங்கள் ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் காசு தரும் பாலிசி) தரத் தயங்கும். அது இல்லாமல் சாதாரண பாலிசி என்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். இந்தக் காரின் முன்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஜீரோ டெப்பும், தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் காசு தரும் இன்ஜின் புரொடெக்டும் யார் தருகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். விற்பவரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது. ஆனால் உங்கள் பழைய காரை விற்றால் அதிலுள்ள போனஸை இந்த வண்டிக்குக் கொண்டுவரலாம். 50 சதவீதம் வரை இருந்தால் நல்ல தொகை.

செலவுக் கணக்கு என் அனுபவக் கணிப்பு. முதல் வருஷம் கியர்பாக்ஸ் ஆயில், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், தேவைப்பட்டால் நான்கு டயர், விட்டுப்போன சில்லறை என்று இரண்டரை முதல் மூன்று லட்சம். அதற்கப்புறம் ஒரு வருஷம் நாற்பதாயிரத்தோடு முடியும், அடுத்த வருஷம் இரண்டு லட்சம் கேட்கும். சராசரியாக ஒன்றேகால் லட்சம் ஒதுக்குங்கள். இன்சூரன்ஸ் தனியாக அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம். லிட்டருக்குப் பத்து கி.மீ. என்று வைத்தால் உங்கள் 12,000 கி.மீ.-க்கு 1,200 லிட்டர் பெட்ரோல். இந்தக் கணக்கு உறுத்தினால் புது ஸ்கோடா செடான் ஒன்றை வாரண்டியோடு எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலை பேசும் முன் டயரின் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3819 என்றால் 2019-ன் 38-வது வாரம். கம்பெனியில் வந்த டயரே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஸ்கேனில் சிக்கல் எதுவும் இல்லை, சீட் பெல்ட்டும் சுத்தம், டயர் மட்டும் பழசு, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் 25.5க்குக் கேளுங்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் காட்ட விற்பவர் தயங்கினால் அடுத்த வண்டியைப் பாருங்கள். சென்னை சந்தைக்கு 330ஐ வராத மாதமில்லை.