பழைய ஆர்ச்டாப் கிட்டாரை விற்பதா, மாற்றிக்கொள்வதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வயலினைப் போல மேல்பலகையை வளைவாகக் குடைந்து செதுக்கி, ஒலித்துளைகளை எஃப் வடிவில் வெட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரை ஆர்ச்டாப் என்கிறோம். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் தொடங்கிவைத்த இந்தக் கைவினை, வடிவமைப்பாளர் லாய்ட் லோர் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றியபோது 1922இல் வெளிவந்த கிப்சன் எல்-5 கிட்டாரில் முழு வடிவம் பெற்றது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், ஊதுகருவிகள் முழங்கும் ஜாஸ் குழுவின் நடுவே தாளம் கேட்பதற்கென்று உருவான கருவி இது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் விற்பனை தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பக்கத்து வீட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு முதியவரின் குடும்பத்தார் எனக்குக் கொடுத்த கிப்சன் எல்-50 கிட்டாரை விற்க நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று சொன்னார்கள். வெளியே வரிசை எண் எதுவும் இல்லை. எஃப் துளை வழியாகப் பார்த்தால், உள்ளே ‘எக்ஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று மங்கலாகத் தெரிகிறது. — நியூ ஜெர்சி வாசகர்

உங்களிடம் இருப்பது போருக்கு முந்தைய கிட்டார் அன்று, 1954ஆம் ஆண்டினது. கிப்சன் தொழிற்சாலையில் ஒரு தொகுதியாகச் செய்யத் தொடங்கிய கருவிகளுக்கு உட்புறத்தில் மையால் குத்திய ஆணை எண்தான் நீங்கள் பார்த்தது. 1952 முதல் 1961 வரை அந்த எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கி இட்டார்கள். 1952க்கு இசட், 1953க்கு ஒய், 1954க்கு எக்ஸ் என்று சென்று 1961க்கு கியூவில் முடிகிறது. எல்-7, எல்-5 போன்ற உயர்ந்த மாதிரிகளில் 1947 முதல் 1961 வரை ‘ஏ’ என்று தொடங்கும் வரிசை எண்ணை உள்ளே ஒட்டிய சீட்டிலும் காணலாம்.

எண்ணை மட்டும் நம்பாமல் வேறு இரண்டு இடங்களிலும் பாருங்கள். தலைப்பகுதியில் கிப்சன் என்ற பெயர் கையெழுத்துப்போல் சாய்ந்து ஓடினால், அது பொதுவாகப் போருக்கு முந்தையதாகவோ போர்க்காலத்ததாகவோ இருக்கும். அச்சடித்ததுபோன்ற கட்டை எழுத்தாக இருந்தால் 1947ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ செய்தது. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது கட்டை எழுத்து. ஆகவே எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகின்றன.

அடுத்தது மேல்பலகை. வாங்குபவர் முதலில் கேட்பது ஆண்டையாக இருக்கலாம். ஆனால் விலையைத் தாங்கி நிற்பது மேல்பலகைதான். ஒரு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து எஃப் துளையின் வெட்டு விளிம்பைக் கவனியுங்கள். பலகையின் மேல் தெரியும் ரேகைகள் அப்படியே விளிம்பின் தடிமன் வழியாகக் கீழ்வரை இறங்கினால் அது ஒரே மரம். கேக் அடுக்கைப் போல இரண்டு மூன்று படலங்கள் குறுக்கே ஓடினால் அது ஒட்டுப்பலகை. இந்த விளிம்பை அருகில் வைத்து எடுத்த தெளிவான ஒரு படம், விற்பனைக் குறிப்பில் நீங்கள் எழுதும் பத்து வரிகளைவிட அதிக நம்பிக்கையைத் தரும்.

‘போருக்கு முந்தையது’ என்று பிறர் சொன்னதை நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதினாலும், வாங்கியவர் எண்ணைப் படித்துவிட்டால் அது பொய் விளம்பரமாகவே முடியும். 1954 என்று எழுதுங்கள். அந்தக் காலத்து எல்-50 தன்னளவில் மரியாதைக்குரிய கருவியே.

கேள்வி: விற்பதற்கு முன் கிட்டாரைப் புதிதாகப் பாலிஷ் செய்து, தந்திகளை முறுக்கும் துருப்பிடித்த டியூனர்களை மாற்றிவிட்டால் விலை கூடுமா? — டெக்சஸ் வாசகர்

கூடாது, பெரிய அளவில் குறையும். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல கருவிகள் பாழாவது பெரும்பாலும் விற்பனைக்கு முந்தைய அந்த ஒரு வாரத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பட்டறைக்கு 1940களைச் சேர்ந்த எல்-7 ஒன்று வந்தது. அதன் உரிமையாளர், தந்தையின் நினைவாக வைத்திருந்ததை விற்கும் முன் அழகாக்க நினைத்து, மரச்சாமான் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்திருந்தார். அவர் உப்புத்தாள் கொண்டு பழைய லாக்கர் மெருகுப் பூச்சை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டுக் கண்ணாடிபோல் பளபளக்கும் புதுப் பூச்சைத் தடித்துப் பூசியிருந்தார். தந்தியைச் சுண்டியபோது ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பலகையின் ஓரத்தை அளந்தபோது, செதுக்கியவர் விட்டுவைத்த கனத்திலும் ஒரு பகுதி தேய்ந்துபோயிருந்தது தெரிந்தது. மீண்டும் பூசிய கருவி பாதி விலைக்குத்தான் போகும் என்பது இத்தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. அந்த எல்-7 அதற்கும் கீழேதான் விலைபோனது. எழுபது ஆண்டு வாசிப்பில் ஒரு கை தேய்த்த தடத்தை வாங்குபவர் விரும்பித் தேடுகிறார். அதை அழித்துவிட்டால் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

செய்யத்தக்கவை மிகச் சில. சற்றே ஈரமான பருத்தித் துணியால் தூசியைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். டியூனர்கள் சுழலாவிட்டாலும் மாற்றாதீர்கள். பல்சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இட்டுப் பாருங்கள். முன்பே யாரேனும் மாற்றியிருந்தால், கழற்றிய பழைய பாகங்கள் பெட்டிக்குள்ளோ மேசை இழுப்பறையிலோ கிடக்கின்றனவா என்று தேடிக் கருவியோடு சேர்த்துக் கொடுங்கள். இந்தக் கருவிகளை ஒட்டியது நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசையால். வெப்பத்தில் இளகக்கூடிய பசை அது என்பதால், டெக்சஸ் கோடையில் காருக்குள் ஒரு பிற்பகல் வைத்தாலே ஓரங்கள் விட்டுவிடும்.

மேல்பலகையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் சாய்ந்திருக்கிறதே என்று அதைப் பசைபோட்டு ஒட்டிவிடாதீர்கள். ஆர்ச்டாப்பின் பிரிட்ஜ் தந்தியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்க வேண்டிய ஒன்று. தந்திகளை எல்லாம் ஒருசேரக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் அது இடம்பெயராது.

கேள்வி: எபிஃபோன் நிறுவனத்தின் டிரையம்ஃப் ஆர்ச்டாப் கிட்டாரில், மேல்பலகையைக் கீறல் படாமல் காக்கும் பிக்கார்டு என்ற தகடு நொறுங்கி உதிர்கிறது. தந்திகளும் அவற்றின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸும் பச்சை பூத்துவிட்டன. இதை எறிந்துவிடலாமா? — ஒன்டாரியோ வாசகர்

பிக்கார்டைக் கிட்டாரின் அருகிலிருந்து உடனே அகற்றுங்கள்; ஆனால் எறியாதீர்கள். அந்தக் காலத்துப் பிக்கார்டும் ஓரப்பட்டையும் செல்லுலாய்டால் ஆனவை. முதுமையில் அந்தப் பொருள் தானே சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லாததால் அருகிலுள்ள உலோகத்தை அரிக்கிறது. நீங்கள் காணும் பச்சை அதனால் வந்ததே. சிதையும் பட்டையைத் தொட்டால் முற்றிய பாகு உடைவதுபோல் சில்லுசில்லாகப் பெயர்வதைக் காணலாம். நியூயார்க்கில் ஜான் டிஏஞ்சலிக்கோ செய்த கிட்டார்களிலும் இந்தக் குறை பரவலாக உண்டு.

துண்டுகளைக் காகித உறையில் இட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பிலிருந்து தள்ளி வையுங்கள்; செல்லுலாய்டு எளிதில் பற்றிக்கொள்ளும். அதே அளவில் புதுப் பிக்கார்டு செய்ய அந்தத் துண்டுகளே அச்சாக உதவும். விற்கும்போது, பிக்கார்டு சிதைந்தது, துண்டுகள் தனியே உள்ளன என்று எழுதிவிட்டால், விவரம் அறிந்தவர் அதற்காக அதிகம் பேரம் பேசமாட்டார். உடலைச் சுற்றிய ஓரப்பட்டையும் சிதையத் தொடங்கியிருந்தால் நிலை வேறு, ஏனெனில் அதை மாற்றுவது பல நாள் வேலை. செலவை விலையிலிருந்து கழித்துத்தான் கேட்பார்கள்.

கேள்வி: அதே எபிஃபோன் வகையை ஒரு கடைக்காரர் புதிய தட்டைமேல் (வளைவில்லாத மேல்பலகை கொண்ட) கிட்டாருக்கு மாற்றிக்கொள்ள முன்வருகிறார். பணம் கைமாற வேண்டியதில்லை என்கிறார். இது நியாயமான மாற்றமா? — இலினாய் வாசகர்

ஒப்புக்கொள்வதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டு தொகைகளை எழுதித் தரச் சொல்லுங்கள்: உங்கள் கிட்டாரை ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன தருவார், அவருடைய கிட்டாரை ரொக்கத்துக்கு விற்றால் என்ன கேட்பார். மாற்றம் என்ற சொல்லுக்குள் இந்த இரண்டு தொகைகளும் மறைந்துவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கிட்டார் கடையில் 3,000 டாலருக்கு விற்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் வாடகை, பழுது, காத்திருப்பு எல்லாவற்றையும் கருதி அதற்கு ரொக்கமாக 1,700 டாலர் தரலாம். மாற்றமென்றால் 2,000 வரை ஏறலாம். அதில் தவறில்லை, அவர் பிழைக்க வேண்டும். ஆனால் அவர் கொடுக்கும் கிட்டாரின் அட்டை விலை 2,000 என்று இருந்து, அதே கிட்டார் வேறு கடைகளில் 1,600க்குக் கிடைக்குமானால், உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 1,600தான். அதோடு, புதிய கிட்டார் கடைவாசலைத் தாண்டியதும் பழைய சரக்கு ஆகிவிடுகிறது. உங்களுடையதோ ஏற்கெனவே தன் நிலைத்த விலையை அடைந்துவிட்டது.

கடைக்காரர் சொல்வதில் ஓர் உண்மையும் உண்டு. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப் இல்லாத அக்கூஸ்டிக் ஆர்ச்டாப்பைத் தேடுபவர்கள் குறைவு. அதே காலத்துத் தட்டைமேல் மார்ட்டின் கிட்டாருக்கோ எலெக்ட்ரிக் கிட்டாருக்கோ உள்ள கூட்டம் இதற்கு இல்லை. உழைப்பைக் கணக்கிட்டால் இது எனக்கு எப்போதும் மனவருத்தம் தரும் செய்தி. உளியால் குடைந்து, தட்டிக் கேட்டு, மெல்ல மெல்ல இழைத்த பலகை, பட்டையாக அறுத்து ஒட்டிய பலகையைவிடக் குறைந்த விலைக்குப் போகிறது. ஆகவே விற்க மாதங்கள் ஆகலாம் என்று அவர் சொன்னால் நம்பலாம்.

அவசரம் இல்லையென்றால், பழைய இசைக்கருவிகளில் பெயர்பெற்ற கடையொன்றில் கமிஷன் முறையில் விற்கக் கொடுப்பதே என் பரிந்துரை. ஒப்பந்தத்தில் கமிஷன் விகிதம், குறைந்தபட்ச விலை, காலவரம்பு, கடையில் இருக்கும்போது காப்பீடு யார் பொறுப்பு என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலீடாக வைத்திருந்த பொருளை அதேபோன்ற பொருளுக்கு மாற்றினால் ஆதாய வரியைத் தள்ளிப்போடலாம் என்று பழைய சேகரிப்பாளர்கள் இன்னும் சொல்லக் கேட்கிறேன். 2018 முதல் அமெரிக்காவில் அந்தச் சலுகை நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்துகளுக்கு மட்டுமே உண்டு. கிட்டாரைக் கிட்டாருக்கு மாற்றுவதும் விற்பனையாகவே கருதப்படும்.

கேள்வி: முந்தைய உரிமையாளர் பிக்கப் பொருத்த மேல்பலகையில் துளையிட்டிருக்கிறார். அடைத்துவிட்டு விற்கலாமா? — கலிஃபோர்னியா வாசகர்

அடைக்க வேண்டாம். அடைத்த துளை மறைவதில்லை. எதையோ மறைக்கப் பார்த்தார்கள் என்ற ஐயம்தான் மிஞ்சும். துளையை உள்ளபடி படமெடுத்துக் காட்டி, மேல்பலகையின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள் வெட்டுப்பட்டிருக்கின்றனவா என்பதைச் சிறு கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். கட்டை தப்பியிருந்தால், எலெக்ட்ரிக் கருவியாக வாசிப்பவர் ஒருவர் நியாயமான விலை தருவார். டிஆர்மண்ட் நிறுவனத்தின் பழைய பிக்கப்புகள் பலகையைத் தொடாமல் பிக்கார்டிலோ ஒரு தண்டிலோ தொங்கியவை. அப்படி ஒன்று உங்கள் பெட்டிக்குள் கிடந்தால் அதற்கே தனி விலை உண்டு.

கேள்வி: ஒட்டுப்பலகையால் ஆன, கே நிறுவனத்தின் ஆர்ச்டாப்பின் கழுத்து தூக்கிக்கொண்டிருக்கிறது. சரிசெய்து விற்கலாமா? — மேரிலாண்ட் வாசகர்

கழுத்தைக் கழற்றிப் பொருத்தும் கூலி, பெரும்பாலும் அந்தக் கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும். பழுதுபார்க்கக் கற்கும் ஒருவருக்கு உள்ளது உள்ளபடி சொல்லி, குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் கிட்டாரை அமெரிக்காவிலிருந்து ரொறன்ரோவில் உள்ள ஒருவர் வாங்க விரும்புகிறார். எல்லை தாண்டி அனுப்புவதில் சிக்கல் உண்டா? — மிச்சிகன் வாசகர்

மரத்தைப் பொறுத்தது. விரல்பலகை கருங்காலியாக இருந்தால் கவலை குறைவு. ரோஸ்வுட் என்றால், 1960களின் நடுப்பகுதிக்கு முன் அமெரிக்காவில் செய்த கிட்டார்களில் அது பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. மரம் அதற்கு முன் எடுக்கப்பட்டது என்ற சான்றிதழை அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையிடம் பெறாமல் எல்லை தாண்டி விற்பது குற்றம், கருவி பறிமுதலாகலாம். நீலகிரியில் நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் இந்திய ரோஸ்வுட்டுக்கு 2017இல் வந்த கெடுபிடியிலிருந்து, முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. சான்றிதழ் வர வாரங்கள் ஆகும் என்பதால், அது கைக்கு வந்தபின் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

சுங்கப் படிவத்தில் பிக்கார்டை ‘ஆமை ஓடு’ என்று எழுதிவிடாதீர்கள். கடைகளில் அந்த நிறத்துக்கு வழங்கும் பெயர் அதுதான் என்றாலும், பொருள் செல்லுலாய்டு, அப்படியே எழுதுங்கள். உண்மையான ஆமை ஓடு தடைசெய்யப்பட்ட பொருள்.

பொட்டலம் கட்டும்போது பிரிட்ஜ் நிற்கும் இடத்தை அளந்து குறித்துக்கொண்டு, தந்திகளைத் தளர்த்தி, பிரிட்ஜைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே வையுங்கள். டெயில்பீஸுக்கும் மேல்பலகைக்கும் நடுவே மென்மையான துணி இருக்கட்டும். பெட்டி கீழே விழுந்தால் முதலில் ஒடிவது தலைப்பகுதியின் கழுத்து. ஆகவே அதன் அடியிலும் இருபுறமும் அசையாதபடி திணித்துவிடுங்கள். குளிர்காலத்தில் அனுப்பினால், பெற்றுக்கொள்பவரிடம் பெட்டியை ஒரு நாள் முழுவதும் திறக்காமல் அறையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். உறைகுளிரிலிருந்து வந்த பழைய லாக்கர் திடீரென வெப்பக் காற்றுப் பட்டால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்பலகை முழுவதும் மயிரிழை விரிசல்கள் ஓடிவிடும்.